சான்றிதழ் உடலை அளக்கும். வேலையை நீங்கள் அளந்து பாருங்கள்

பெரிய விபத்திலிருந்து பிழைத்தவர் மதுரையிலோ தேனியிலோ ஆஸ்பத்திரி வாசத்தை முடித்துக்கொண்டு கொடைக்கானலுக்கு மலையேறி வந்ததும், வீட்டார் முதலில் அலைவது மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக. அலையத்தான் வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் தரும் பல சலுகைகளுக்கு 40 சதவீதம் என்பதே வாசற்படி. இணைப்புச் சக்கர ஸ்கூட்டரோ வேறு எதுவோ கேட்டுப் போனாலும் அந்தக் காகிதத்தைத்தான் முதலில் கேட்பார்கள். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. சான்றிதழில் 70 என்று எழுதியிருந்தால், இனி மிச்சம் இருப்பது 30 பங்கு ஆள்தான் என்று முதலாளி கணக்குப் போடுகிறார், சொந்தக்காரர்களும் போடுகிறார்கள், பல நேரம் அடிபட்டவரே போட்டுக்கொள்கிறார். அந்தக் கணக்கு தவறு. மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசையில் எவ்வளவு வலு இருக்கிறது, கண் எத்தனை வரி படிக்கிறது என்பதைத்தான் மருத்துவக் குழு அளந்தது. பூம்பாறையில் பூண்டைத் தரம் பிரிக்க என்ன வேண்டும், ஏரிச்சாலை விடுதி ஒன்றில் வரவேற்பு மேசையைப் பார்த்துக்கொள்ள என்ன வேண்டும் என்று அந்தக் குழுவை யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. வேலைக்குத் திரும்ப முடியுமா என்ற கேள்விக்கு, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து அளந்தால்தான் விடை வரும். இந்த அத்தியாயம் அந்த அளவையைப் பற்றியது.

இரண்டு பேரை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒருவர் ஒடிசாவில் ஒரு திரையரங்கின் அலங்கார மரவேலையில் இருந்த தச்சர் சீனிவாச சபதா. 1968இல் வேலையிடத்தில் கீழே விழுந்தார். இடக்கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. இது பகுதி ஊனம்தான், முழு இழப்பீடு கேட்க முடியாது என்று முதலாளி தரப்பு வாதிட்டது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இவர் தொழிலைப் பொறுத்தவரை இழப்பு 100 சதவீதம் என்று இழப்பீட்டு ஆணையர் முடிவு செய்தார். 1975இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. இன்னொருவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் நடந்த கார் விபத்தில் முதுகுத்தண்டுவடம் சிதைந்து இடுப்புக்குக் கீழே இயக்கம் போனது. எந்தக் குழு அளந்திருந்தாலும் அவருக்கு மிக உயர்ந்த சதவீதத்தையே எழுதியிருக்கும். ஆனால் கை, கண், படித்த அறிவு மூன்றும் அப்படியே இருந்தன. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைச் சீராக்கும் அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று டாக்டர் பால் பிராண்ட் காட்டிய வழியில், அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவை செய்தார். பிறகு பெர்த்திலும் நியூயார்க்கிலும் தங்கி மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, வேலூரில் அந்தத் துறைக்கே தலைவரானார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. உடலின் பாதி போனவர் தொழிலைக் காப்பாற்றிக்கொண்டார். ஒரு கை மட்டும் போனவருக்குத் தொழிலே போயிற்று. சதவீதத்தை மட்டும் வைத்து இந்த இரண்டு வாழ்க்கைகளையும் யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால், இரண்டுமே தப்பாகத்தான் போயிருக்கும்.

நீதிமன்றங்களே இந்த வேறுபாட்டைப் பிரித்துச் சொல்லிவிட்டன. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற 2010ஆம் ஆண்டு வாகன விபத்து வழக்கில், உடல் ஊனத்தின் சதவீதமும் சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பின் சதவீதமும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஒரு கையை இழந்தவர் ஓட்டுநரா, எழுத்தரா என்பதைப் பொறுத்து இழப்பு மாறும். எனவே விபத்துக்கு முன் என்ன வேலை செய்தார், இப்போது அதில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது, வேறு எந்த வேலையால் பிழைக்க முடியும் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும் என்றது. வத்தலக்குண்டு மலைச்சாலையிலோ பழனி மலைச்சாலையிலோ கொண்டை ஊசி வளைவில் வண்டி கவிழ்ந்து அடிபட்டவர்கள் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகும்போது இந்தத் தீர்ப்பு கைகொடுக்கும். இழப்பீட்டுக்காக நீதிமன்றம் போடும் அதே கணக்கை வேலைக்குத் திரும்புவதற்காக நீங்கள் வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். கேள்விகள் அவைதாம், கேட்கும் நோக்கம் மட்டும் வேறு.

கணக்கை எப்படிப் போடுவது? தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காப்பித் தோட்டத்து ஆளை எடுத்துக்கொள்வோம். அவரிடம் என்ன வேலை என்று கேட்டால் தோட்டத்து வேலை என்பார். அந்த ஒரு சொல்லுக்குள் பத்து வேலை இருக்கிறது. சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிப்பதும் நிழலுக்குக் கிளை கழிப்பதும் உயரத்து வேலை. முதுகுத்தண்டு அடிபடுவதற்கு மரத்திலிருந்து விழுவது ஒரு பெரிய காரணம் என்பதால், அடிபட்டவர் பெரும்பாலும் இந்த வேலையில் இருந்தவராகத்தான் இருப்பார். காப்பிப் பழம் பறிப்பது சரிவில் நின்று செய்யும் வேலை. மூட்டை சுமப்பது தனி. ஆனால் பழத்தை நிறுத்துப் பேரேட்டில் எழுதுவது, பழத்தோல் நீக்கும் பல்பரைப் பார்த்துக்கொள்வது, களத்தில் காயும் கொட்டையைக் கிளறுவது, கறுப்பு விழுந்ததையும் உடைந்ததையும் பொறுக்கி நீக்குவது, நாற்றங்காலில் பைக்கு மண் நிரப்புவது, விதை ஊன்றுவது, தண்ணீர் தெளிப்பது ஆகியவையும் அதே தோட்டத்து வேலைதான். இவற்றில் பல உட்கார்ந்து செய்யக்கூடியவை. சில ஒற்றைக் கையால் செய்யக்கூடியவை. ஒரு தாளில் எல்லா வேலையையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: நிற்க வேண்டுமா உட்காரலாமா, ஒரு கை போதுமா இரண்டும் வேண்டுமா, எவ்வளவு எடை தூக்க வேண்டும், அந்த இடத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு ஏற்ற இறக்கம். நான்காவது கேள்வி சமவெளியில் வெளியாகும் கையேடுகளில் இருக்காது. மலையில் பல நேரம் வேலை தடையாக இருப்பதில்லை. வேலைக்குப் போகும் வழிதான் தடையாக நிற்கிறது.

வழி என்றதும் சரிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. செயற்கைக் கால் பொருத்தியவருக்கு ஏற்றத்தை விட இறக்கம் கடினம். முழங்காலுக்கு மேலே கால் எடுக்கப்பட்டவருக்கு இன்னும் கடினம், ஏனென்றால் செயற்கை மூட்டு இறக்கத்தில் திடீரென்று மடங்கிவிடலாம். ஆகவே நடைப் பயிற்சியை ஆஸ்பத்திரி வராந்தாவோடு முடித்துக்கொள்ளாமல், இறங்கவும் ஈரப் புல்லில் மிதிக்கவும் கற்றுத்தரச் சொல்லிக் கேளுங்கள். 1960களின் இறுதியில் ராம்சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால், தரையில் குந்தி உட்காரவும் வயலில் வெறுங்காலோடு நடக்கவும் ஏற்றபடி செய்யப்பட்டது. குனிந்தும் குந்தியும் வேலை செய்பவருக்கு விலை உயர்ந்த வெளிநாட்டுக் காலை விட அது பொருந்துவதுண்டு. சக்கர நாற்காலிக்காரருக்குச் சாய்தளம் 1க்கு 12 என்ற அளவில் இருக்க வேண்டும்: ஓர் அடி உயர 12 அடி நீளம். வீட்டு வாசல் சாலைக்கு நான்கு அடி மேலே இருந்தால் 48 அடிச் சாய்தளம் வேண்டும். கொடைக்கானல் வீடுகள் பலவற்றில் அதற்கு இடமே கிடையாது. அப்போது சாய்தளத்தோடு மல்லுக்கட்டிக் காசைக் கரைப்பதை விட, சாலை மட்டத்தில் ஓர் அறையை வாடகைக்குப் பார்ப்பது மலிவாக முடியலாம். வேலையிடத்திலும் இப்படித்தான்: மூன்றாம் தளத்து அலுவலகத்தில் லிஃப்ட் கேட்பதற்கு முன், உங்கள் மேசையைக் கீழ்த்தளத்துக்கு இறக்கச் சொல்லிக் கேளுங்கள்.

குளிர் தனிக் கதை. கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல்லில் உறைபனி படியும். முதுகுத்தண்டுவடக் காயத்தால் கால்களில் உணர்ச்சி இழந்தவருக்குச் சூடு சுடுவது தெரியாது. கணப்பருகே காலை நீட்டிக்கொண்டு உட்காருவதும், வெந்நீர்ப் பையைத் தொடையில் வைப்பதும், ஹீட்டரைச் சக்கர நாற்காலிக்குக் கீழே தள்ளுவதும் மலைக்காரர்கள் யோசிக்காமல் செய்பவை. தோல் வெந்து கொப்புளமான பிறகுதான் கண்ணில் படும். ஆற மாதங்கள் ஆகும். அதுவரை வேலையும் இல்லை. மார்பின் மேற்பகுதி மட்டத்திலோ கழுத்திலோ தண்டுவடக் காயம் பட்டவரின் உடலால் தன் வெப்பத்தைச் சரியாகக் காத்துக்கொள்ளவும் முடியாது; அவரை அதிகாலை ஷிப்டில் போடாமல் இருப்பது சலுகை ஆகாது, மருத்துவத் தேவை. படுக்கைப்புண்ணும் அதே வகை. உட்கார்ந்து செய்யும் வேலை என்றதும் எளிது என்று நினைத்துவிடக் கூடாது. கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருமுறை கைகளை ஊன்றி உடலைத் தூக்கி அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். காற்றுப் பையோ தண்ணீர்ப் பையோ உள்ள மெத்தை வேண்டும். சிறுநீர்க் குழாய் மாற்றக் கதவு பூட்டக்கூடிய, சக்கர நாற்காலி நுழையக்கூடிய ஒரு கழிப்பறை வேண்டும். இந்த மூன்றும் கிடைக்காத இடத்தில் சம்பளம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மூன்றே மாதத்தில் மீண்டும் ஆஸ்பத்திரிதான். இன்னொன்றும் உண்டு: அந்தி சாய்ந்தபின் காட்டுமாடு சாலைக்கு வரும் ஊர் இது. ஓடி ஒதுங்க முடியாதவர் வெளிச்சம் இருக்கும்போதே வீடு சேரும்படி வேலை நேரத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

அளந்த தாளை எடுத்துக்கொண்டு முதலில் யாரிடம் போவது? பழைய இடத்துக்கே போங்கள். முதுகுத்தண்டுவடக் காயம்பட்டவர்களைப் பற்றி 2003இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, காயத்துக்குப் பின் முதல் வேலை கிடைக்கச் சராசரியாக ஏறத்தாழ ஐந்து ஆண்டு ஆனதாகக் கண்டது. பழைய வேலைக்கே திரும்பியவர்கள் அதை விட மிக விரைவாகத் திரும்பினார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. பழைய இடத்தில் உங்கள் திறமை ஏற்கெனவே தெரியும். புதிய இடத்தில் முதலில் தெரிவது சக்கர நாற்காலி. இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வரும். கால் போனால் பெட்டிக்கடை என்று சொந்தபந்தம் முடிவு கட்டிவிடும். இருபது ஆண்டு சமையல்காரராக இருந்தவரின் கையும் நாக்கும் கெடவில்லை. அவர் எதற்காகப் பீடியும் மிட்டாயும் விற்க வேண்டும்? கடை நடத்துவது தனித் தொழில். சரக்கு எடுக்க அலைய வேண்டும், கடன் வசூலிக்க வேண்டும். கொடைக்கானலில் ஏப்ரல், மே சீசன் வியாபாரத்தை நம்பி முதல் போட்டுவிட்டு, ஜூலை மழையில் வட்டி கட்டத் தவிக்கவும் வேண்டியிருக்கும். உயரம் குறைத்த மேடை, எடை தூக்க ஓர் உதவியாள், வழுக்காத தரை ஆகியவை இருந்தால் சமையலறைக்குத் திரும்பலாம். அதற்கு ஆகும் செலவு பெட்டிக்கடைக்கான முதலை விடக் குறைவாகவே இருக்கலாம்.

அரசு வேலையில் இருப்பவருக்குச் சட்டம் உறுதியாக நிற்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20(4)ஆம் பிரிவின்படி, பணிக்காலத்தில் ஊனமடைந்த ஊழியரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய பணிக்குப் பொருந்தாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும்; அப்படிப் பணியிடம் இல்லாவிட்டால், அது கிடைக்கும் வரை அல்லது ஓய்வு வயது வரை கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். மின்வாரியம், அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனை, நகராட்சி, வனத்துறை, அரசுப் பள்ளி எல்லாம் இதற்குள் வரும். மத்திய அரசைச் சேர்ந்த கொடைக்கானல் சூரிய ஆய்வகமும் மன்னவனூர் ஆட்டு ஆராய்ச்சி மையமும் கூட. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆம் பிரிவிலும் இதே காப்பு இருந்தது. அதை வைத்து நடந்த பகவான் தாஸ் வழக்கை இந்த நூலைப் படிக்கும் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பஞ்சாப் மின்வாரியத்தில் உதவி லைன்மேனாக இருந்த அவர் 1994இல் முற்றிலும் பார்வை இழந்தார். தன் உரிமை தெரியாமல், தன்னை விடுவித்துவிட்டு மனைவிக்கு வேலை கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். வாரியம் அந்தக் கடிதத்தையே விருப்ப ஓய்வாகப் பிடித்துக்கொண்டது. 2008இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லி அவரைப் பணியில் சேர்க்க உத்தரவிட்டது. நடுவில் 14 ஆண்டு போய்விட்டது. வாரிசு வேலை கிடைக்கும், முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொள்ளுங்கள் என்று நல்லெண்ணத்தோடு யார் சொன்னாலும், விபத்துக்குப் பிந்தைய முதல் ஓராண்டில் வேலையை விடும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே ஊன ஓய்வூதியம் கொடுத்துவிட்டார்களா? குணால் சிங் வழக்கில் 2003இல் அதுவும் தடையல்ல என்று தீர்ப்பாகியிருக்கிறது.

இதற்கு எழும் எதிர்க்கேள்வி நியாயமானது. இந்த மலையில் பெரும்பாலோர் அரசு ஊழியர்கள் இல்லையே? தோட்டக் கூலி, விடுதி வேலை, ஜீப் ஓட்டம், குதிரைச் சவாரி, காய்கறிக் காடு என்றுதானே பிழைப்பு? உண்மைதான், தனியார் முதலாளியைக் கட்டிப்போடும் அளவுக்கு 20(4) போன்ற பிரிவு எதுவும் இல்லை. உடல்நலக் குறைவு நீடிப்பதால் ஒருவரை நிறுத்தினால் அது ஆட்குறைப்பு ஆகாது என்று தொழில் தகராறு சட்டமே சொல்லிவந்திருக்கிறது. இருந்தும் கை வெறுமையாக இல்லை. ஊனத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற பொதுத் தடை 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் உண்டு. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்னென்ன வசதி செய்து தரும் என்பதைச் சம வாய்ப்புக் கொள்கையாக எழுதி வெளியிட வேண்டும். கொடைக்கானலின் பெரிய விடுதிகளும் தனியார் பள்ளிகளும் இந்தக் கணக்குக்குள் வரும். அந்தக் கொள்கையின் நகலைப் பணிவாக எழுதிக் கேட்டாலே பேச்சின் தொனி மாறும்.

அதை விட வலுவான பிடி இழப்பீடு. வேலையின்போது அடிபட்டால், ஈ.எஸ்.ஐ. காப்பீடு இல்லாத இடத்தில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பேசும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் அது போயிருக்கிறது. வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தும், வேலையோடு தொடர்பு நிறுவப்பட்டால், தொகுப்பில் இடம்பெற்றிருக்கிறது. பழைய சட்டப்படி கணக்கு இப்படி: 15,000 ரூபாய் வரையிலான மாதக் கூலியில் 60 சதவீதத்தை வயதுக்கேற்ற காரணியால் பெருக்க வேண்டும். 40 வயதுக்குக் காரணி 184.17. ஆக, 15,000 வாங்கியவருக்கு முழு ஊனமானால் 16,57,530 ரூபாய். கட்டைவிரல் போனால் அட்டவணைப்படி 30 சதவீதம், 4,97,259 ரூபாய். இந்தத் தொகையை வைத்து முதலாளியிடம் பேசலாம். இழப்பீட்டோடு களத்து வேலையையோ கணக்கு வேலையையோ சேர்த்துக் கேட்பவருக்கு, வேலையை மட்டும் கெஞ்சிக் கேட்பவரை விட இடம் அதிகம். கேட்க இரண்டு ஆண்டு கெடு உண்டு. மேஸ்திரி சமாதானமாகப் பேசிக்கொண்டே அந்தக் கெடுவைத் தாண்ட வைத்துவிடுவது நடக்கக்கூடியது. பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், மனு ஒரு பக்கம் போகட்டும்.

எல்லா ஊனமும் ஒரே நாளில், எல்லோரும் பார்க்க நடப்பதில்லை. இந்த ஊரிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. 2001இல் மூடப்பட்ட பாதரச வெப்பமானித் தொழிற்சாலையின் முன்னாள் தொழிலாளர்கள், பாதரசத்தால் உடல் கெட்டது என்று சொல்லிவந்தார்கள். வேலையால் அப்படிப் பாதிப்பு ஏற்படவில்லை என்று நிறுவனம் மறுத்துவந்தது. 591 முன்னாள் தொழிலாளர்கள் தொடர்பான உடன்பாடு 2016 மார்ச்சில்தான் ஏற்பட்டது. பதினைந்து ஆண்டுகள்! கை நடுக்கமோ ஞாபக மறதியோ தீராத அசதியோ எலும்பு முறிவைப் போல எக்ஸ்ரேயில் தெரியாது. வேலைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவுவதே பெரும்பாடு. பூச்சிமருந்து தெளிப்பவர், அச்சகத்திலும் பட்டறையிலும் ரசாயனத்தோடு புழங்குபவர் முதல் அறிகுறி தெரிந்த தேதியிலிருந்தே மருத்துவச் சீட்டுகளைச் சேர்த்துவைக்க வேண்டும். என்ன வேலை, எத்தனை ஆண்டு, எந்தப் பொருள் என்று மருத்துவரிடம் சொல்லிச் சீட்டிலேயே எழுதி வாங்க வேண்டும். தலையில் அடிபட்டவருக்கும் இது பொருந்தும். வெளியே பார்த்தால் ஆள் நலம். ஆனால் இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்ய முடியாது, சட்டென்று கோபம் வரும், மதியத்துக்கு மேல் மூளை ஓடாது. அவருக்கான மாற்றம் சாய்தளம் இல்லை. சத்தமில்லாத மூலை, எழுதிக் கொடுத்த கட்டளை, அரை நாள் வேலை.

வீட்டுக்குள்ளிருந்து வரும் மறுப்புகள் வேறு மாதிரி. வேலைக்குப் போனால் வருகிற பணம் நின்றுவிடும் என்பது ஒன்று. ஈ.எஸ்.ஐ.யின் நிரந்தர ஊன உதவி வேலைக்குத் திரும்பினாலும் நிற்காது. தற்காலிக ஊன உதவி மட்டும் கூலி வாங்கும் நாட்களுக்குக் கிடைக்காது. தமிழக அரசு முதுகுத்தண்டுவடம் பாதித்தவர் உள்ளிட்டோருக்கு 2023 முதல் தரும் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையைப் பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முன்பே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தொகை ஒரு வாரக் கூலியைத் தாண்டாது. அதைக் காப்பாற்றுவதற்காக மாதம் முழுவதும் சும்மா இருப்பது நட்டக் கணக்கு. பட்டதெல்லாம் போதும், ஓய்வெடுக்கட்டும் என்பது இன்னொரு மறுப்பு. இது பாசத்தில் வருவதால் எதிர்த்துப் பேசவே கடினம். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவின் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளில் வேலையில் இருந்தவர்கள் ஏறத்தாழ 36 சதவீதம்தான். மீதிப் பேரில் எத்தனை பேரை ஊனம் வீட்டில் வைத்தது, எத்தனை பேரைப் பாசம் வைத்தது என்று எந்தக் கணக்கெடுப்பும் பிரித்துச் சொல்வதில்லை. வீட்டார் அச்சத்துக்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்க ஒரே வழி, மேலே சொன்ன தாளை அவர்களோடு உட்கார்ந்து நிரப்புவது. எது ஆபத்து, எது இல்லை என்று வரி வரியாகத் தெரிந்தால் பாதி அச்சம் தணியும். மீதிப் பாதி நியாயமான அச்சம், அதற்கு மதிப்புக் கொடுங்கள்.

ஏனென்றால் அளந்து பார்க்கும்போது முடியாது என்ற விடையும் வரலாம். வலிப்பு வரத் தொடங்கியவர் மலைச்சாலையில் ஜீப் ஓட்டக் கூடாது. அவர் மட்டுமல்ல, ஏறியிருக்கும் குடும்பமும் பள்ளத்தில் போகும். ஒரு கண் போனவருக்குத் தூரமும் ஆழமும் பிடிபடும்வரை ஏணி வேண்டாம். வெள்ளகவி போல ஒற்றையடிப் பாதையை நம்பியே நெடுங்காலம் வாழ்ந்த ஊர்க்காரர், செயற்கைக் காலோடு தினமும் இறங்கி ஏறி வேலை பார்ப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால் அதைத் தைரியம் என்று பாராட்ட முடியாது. இந்த வாதத்தை யாரும் எந்த வேலையும் செய்யலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சதவீதத்தைப் பார்த்து மறுப்பதும் தவறு, மனஉறுதியைப் பார்த்து அனுமதிப்பதும் தவறு.

தனக்கென்று இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு முதலாளி இல்லை, ஆகவே கடிதமும் இல்லை, சட்டமும் இல்லை. ஆனால் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சுதந்திரம் அவருக்குத்தான் அதிகம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டில் நடவும் களையும் அறுவடையும் குனிந்து செய்பவை. தாள் கட்டித் தொங்கவிடுவதும் உலர்த்துவதும் தரம் பிரிப்பதும் விலை பேசுவதும் அப்படியல்ல. பக்கத்துக் காட்டுக்காரரோடு வேலைக்கு வேலை மாற்றிக்கொள்ளலாம்: அவர் உங்கள் நிலத்தில் குனிகிறார், நீங்கள் இரண்டு வீட்டுப் பூண்டையும் தரம் பிரித்து வியாபாரியிடம் பேசுகிறீர்கள். இப்படி ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளும் மொய்யாள் வேலை மலையில் புதிதில்லை.

கடைசியாக, எந்த மாதத்தில் திரும்புவது. விடுதி, உணவகம், சுற்றுலா வண்டி வேலைக்காரர்கள் சீசன் முடிந்து கூட்டம் குறையும் ஜூலை, ஆகஸ்டில் திரும்புவது நல்லது. அப்போது தடுமாறினாலும் யாரும் கத்த மாட்டார்கள். மேசை உயரத்தையும் கழிப்பறைக் கதவையும் சரிசெய்ய முதலாளிக்கும் நேரம் இருக்கும். அடுத்த ஏப்ரலுக்குள் கை பழகிவிடும். காப்பித் தோட்டக்காரருக்குக் களமும் தரம் பிரிப்பும் தொடங்குவது பறிப்புக் காலத்தில்தான். அது குளிர் மாதங்களோடு மோதுகிறது. ஆகவே உணர்ச்சி இழப்பு உள்ளவர்கள் வெயில் ஏறிய பிறகு பத்து மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடிப்பதாகப் பேசிக்கொள்ள வேண்டும். முதல் மாதம் அரை நாள், கூலியும் அரை நாள். மூன்றாம் மாதம் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பது என்று தேதியோடு எழுதி, இருவரும் ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று மாதமும் தினசரி எத்தனை கிலோ தரம் பிரித்தீர்கள், எத்தனை பில் போட்டீர்கள் என்று குறித்து வாருங்கள். மறுபேச்சுக்கு உட்காரும்போது மேசையில் சான்றிதழுக்குப் பக்கத்தில் அந்த நோட்டும் இருக்க வேண்டும்.